பறவைக்காகப் புல் வளர்த்தல்: அமெரிக்க மத்திய மேற்கில் பிரெய்ரி அமைக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இல்லினாய் மாநிலத்துக்குப் 'பிரெய்ரி மாநிலம்' என்று பட்டப்பெயர் உண்டு. ஐரோப்பியக் குடியேறிகள் வந்த காலத்தில் அங்கே ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் ஏக்கரில் பிரெய்ரி என்னும் இயற்கைப் புல்வெளி பரந்திருந்தது. இன்று அதன் பழைய வளம் சிதையாமல் எஞ்சியிருப்பது 2,500 ஏக்கர் அளவுதான். புல்லின் வேர்ப்பின்னலையும் கலப்பையில் அப்பிக்கொள்ளும் கரிய மண்ணையும் சமாளிக்க முடியாமல் திணறிய உழவர்களுக்கு, 1837-ல் அதே மாநிலத்தின் கிராண்ட் டிட்டூர் என்னும் சிற்றூரில் ஜான் டீர் என்ற கொல்லர் மண் ஒட்டாத எஃகுக் கலப்பையைச் செய்து கொடுத்தார். அதன் பின் ஓரிரு தலைமுறைக்குள் பிரெய்ரி மக்காச்சோள வயலாக மாறியது. புல்லோடு, புல்லில் கூடு கட்டிய பறவைகளும் குறைந்தன. வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை 1970-க்குப் பிறகு மறைந்துவிட்டதாக 2019-ல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது.

இந்தக் கட்டுரை இல்லினாய், அயோவா, மிசௌரி, இந்தியானா, தெற்கு விஸ்கான்சின் ஆகிய பகுதிகளில் அரை ஏக்கரோ பத்து ஏக்கரோ நிலம் வைத்திருந்து, அதை மீண்டும் பறவைக்கும் வண்டுக்கும் விட்டுக்கொடுக்க நினைப்பவர்களுக்கானது. புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள் என்பது என் கருத்து. ஒன்று, நிலத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருப்பதை முழுமையாக ஒழிப்பதற்குள் விதைத்துவிடுவது. மற்றொன்று, புல் விதையை அள்ளி அள்ளிப் போடுவது. பின்வரும் படிகளில் மிகுதியானவை இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கானவையே.

எந்தப் புல், யாருக்காக

மத்திய மேற்கின் உயர்புல் பிரெய்ரியை நான்கு புற்கள் ஆண்டன. பிக் புளூஸ்டெம் ஆறு, ஏழு அடி வரை வளரும்; அதன் கதிர் மூன்று விரல்களாகப் பிரிந்து வான்கோழியின் கால்போல் நிற்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். இண்டியன் கிராஸ் ஏறத்தாழ அதே உயரம். ஆகஸ்டு கடைசியில் பொன்னிறக் கதிர் விடும். சுவிட்ச் கிராஸ் ஈரத்தைத் தாங்கும். பனியிலும் சாயாமல் நிற்கும். லிட்டில் புளூஸ்டெம் இரண்டு முதல் நான்கு அடிக்குள் அடங்கி, தூர் கட்டி வளர்ந்து, இலையுதிர் காலத்தில் செம்பு நிறமாகும். இவற்றோடு உலர்ந்த மேட்டுக்குச் சைட்ஓட்ஸ் கிராமாவும் பிரெய்ரி டிராப்சீடும், நீர் தேங்கும் பள்ளத்துக்குப் பிரெய்ரி கார்ட்கிராஸும் உண்டு.

தமிழ் வாசகர்களுக்கு இவை முற்றிலும் அந்நியமல்ல. பிக் புளூஸ்டெமும் இண்டியன் கிராஸும் சோளம், கரும்பு, வெட்டிவேர் ஆகியவற்றின் தாவரக் குலத்தைச் சேர்ந்தவை; சுவிட்ச் கிராஸ் நம் சாமைக்கும் பனிவரகுக்கும் நெருங்கிய உறவு. வெட்டிவேரின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதை அறிந்தவருக்கு, பிக் புளூஸ்டெமின் வேர் ஏழு அடிக்கும் கீழே இறங்குவது வியப்பளிக்காது. எல்லாமே வெயில்காலப் புற்கள். மண் சூடேறிய பிறகே கண்விழிக்கும். மேய்ச்சலுக்காகவும் அழகுக்காகவும் கொண்டுவரப்பட்ட டால் ஃபெஸ்க்யூ, ஸ்மூத் புரோம், கென்டக்கி புளூகிராஸ் ஆகியவையோ குளிர்காலம் முடியும் முன்பே பசுமை கட்டிவிடும். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். களை ஒழிப்பும் எரிப்பும் இதை நம்பித்தான் நடக்கின்றன.

வாழிடம் என்றவுடன் அடர்ந்த பசும்புல் கண்முன் வருவது இயல்பு. ஆனால் பாப்வைட் காடையின் குஞ்சுக்கு அது வாழிடமே அல்ல. கட்டைவிரல் அளவே உள்ள அந்தக் குஞ்சு, பொரிந்த ஒரே நாளில் கூட்டைவிட்டு இறங்கித் தாயின் பின்னால் நடக்கத் தொடங்குகிறது. முதல் சில வாரங்கள் அது உண்பது பெரும்பாலும் பூச்சிகளைத்தான். அதற்குத் தேவைப்படுவது தலைக்கு மேல் நிழலும், காலுக்குக் கீழ் வெறும் மண்ணும், கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பூச்சிகளும் ஆகும். தூர் தூராக வளரும் நாட்டுப் புல் இந்த மூன்றையும் தருகிறது. பாய் விரித்தாற்போல் மண்டும் ஃபெஸ்க்யூ ஒன்றைக்கூடத் தருவதில்லை. நாட்டுப் புல்லையே நெருக்கமாக விதைத்தாலும் அதே பாய்தான் கிடைக்கும்.

முதல் படி: நிலத்தைப் பார்த்தல்

அழிப்பதற்கு முன் இருப்பதைப் பார்க்க வேண்டும். ரயில் பாதை ஓரம், பழைய குடியேறிகளின் இடுகாடு, உழ முடியாத கல்மேடு போன்ற இடங்களில் கலப்பை படாத பிரெய்ரித் துண்டுகள் இன்றும் உயிரோடிருக்கின்றன. உங்கள் நிலத்தின் ஒரு மூலையில் லெட்பிளான்ட், காம்பஸ் பிளான்ட், லிட்டில் புளூஸ்டெம் ஆகியவை தாமாகவே நின்றால், அந்த இடத்தில் மருந்தும் அடிக்கக்கூடாது, உழவும் கூடாது. புதர்களை வெட்டி, முறையாக எரித்தாலே போதும். எனவே மே முதல் செப்டம்பர் வரை மாதம் ஒருமுறை நிலத்தைச் சுற்றி நடந்து, எது எங்கே வளர்கிறது என்று குறித்துக்கொள்வது நல்லது. இணையவழி மண் வரைபடத்திலிருந்து உங்கள் மண் வகையையும் வடிகாலையும் தெரிந்துகொள்ளலாம்.

எந்தப் பறவையை எதிர்பார்க்கலாம் என்பதிலும் நேர்மை வேண்டும். பாபொலிங்கும் ஹென்ஸ்லோ சிட்டும் பரந்த வெளியைத் தேடுபவை. வீட்டுக்குப் பின்னாலுள்ள அரை ஏக்கரில் அவை கூடு கட்டா. அங்கே வருபவை நாட்டுத் தேனீக்கள், மோனார்க் பட்டாம்பூச்சி, புல்லில் புழுவாக வளரும் ஸ்கிப்பர் பட்டாம்பூச்சிகள், விதை கொத்த வரும் கோல்ட்ஃபிஞ்ச் ஆகியவை. அவற்றுக்காகச் செய்வதும் வீணல்ல. பத்து ஏக்கருக்கு மேல் இருந்து, பக்கத்து நிலமும் திறந்த வெளியாக இருந்தால் டிக்சிசலையும் மேடோலார்க்கையும் எதிர்பார்க்கலாம். புல்வெளிப் பறவைகள் மரவரிசையை அண்டுவதில்லை. பருந்தும் ரக்கூனும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆகவே வாய்ப்பிருந்தால் மரத்தோரத்தை விட்டு விலகி, நடுவெளியில் விதைப்பது நல்லது. காடை மட்டும் இதற்கு விலக்கு: குளிரிலும் ஆபத்திலும் ஒதுங்க அதற்குக் காட்டுப் பிளம், டாக்வுட் போன்ற புதர்கள் புல்லை ஒட்டியே இருக்க வேண்டும்.

நகர எல்லைக்குள் இருப்பவர்கள் களை உயரம் பற்றிய உள்ளூர் விதியையும் குடியிருப்போர் சங்கத்தின் விதியையும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும். சுற்றிலும் நான்கடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, ஒரு சிறு அறிவிப்புப் பலகையும் வைத்தால், இது கவனிப்பாரற்ற காடு அல்ல என்பது அண்டை வீட்டாருக்குப் புரியும். புகார்களில் பாதி அதோடு நின்றுவிடும்.

அரசு உதவி வேண்டுமென்றால், எதையும் விதைப்பதற்கு முன்பே உங்கள் கவுண்டியிலுள்ள (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம்போல்) வேளாண் துறைச் சேவை மையத்துக்குப் போக வேண்டும். 1985-ல் தொடங்கப்பட்ட 'கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம்' என்னும் திட்டத்தின்கீழ், பயிர் செய்துவந்த நிலத்தைப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப் புல்லுக்கு விட்டால் ஆண்டு வாடகையும் விதைச் செலவில் ஒரு பங்கும் கிடைக்கும். முழு வயலையும் தர மனமில்லாதவர்கள் பட்டை பட்டையாக விதைக்கவும் அதில் இடமுண்டு. வயலின் பத்தில் ஒரு பங்கைப் பிரெய்ரிப் பட்டைகளாக்கினால் மண் அரிப்பு 95 விழுக்காடு வரை குறைகிறது என்று அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வயல் சோதனைகள் காட்டியுள்ளன. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் விதைத்துவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையிலேயே விழும்.

இரண்டாம் படி: இருப்பதை ஒழித்தல்

இந்தப் படிக்கு ஒரு முழு ஆண்டை ஒதுக்குங்கள். நிலம் மோசமாக இருந்தால் இரண்டு ஆண்டுகள். விதைத்த பிறகு ஃபெஸ்க்யூவையோ புரோமையோ பிரித்தெடுக்க எளிய வழி எதுவும் இல்லை. பிரெய்ரி தோற்றுப்போன இடங்களில் விசாரித்தால், பெரும்பாலும் காரணம் விதையிலோ மழையிலோ இருக்காது. இந்த ஓராண்டைச் சுருக்கியதில்தான் இருக்கும்.

மிக எளிய தொடக்கம் சோயா அறுத்த வயல். தாள்கட்டை குறைவாகவும் மண் இறுகியும் களை ஒழிந்தும் இருப்பதால், அதில் அப்படியே விதைக்கலாம். பழைய மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள்கூட, அக்கம்பக்கத்து உழவர் யாருக்காவது ஓரிரு ஆண்டு சோயா பயிரிடக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு விதைப்பது புத்திசாலித்தனமான வழி. மக்காச்சோளம் பயிரிட்ட நிலமானால், கடைசியாக அடித்த களைக்கொல்லி எது என்று கேட்டறிய வேண்டும். சில மருந்துகள் மண்ணில் அடுத்த பருவம் வரை தங்கிப் பூச்செடி முளைகளைக் கொன்றுவிடும்.

ஃபெஸ்க்யூ அல்லது புரோம் மண்டிய மேய்ச்சல் நிலமானால், கோடை இறுதியில் அதை வெட்டியோ மேயவிட்டோ சருகை அகற்றி, செப்டம்பர், அக்டோபரில் புதிய தளிர் அரை அடி வளர்ந்ததும் கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளிக்க வேண்டும். அப்போது குளிர்காலப் புல் முழு வேகத்தில் உணவை வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். மருந்தும் அதோடு வேருக்கு இறங்கும். அடுத்த ஏப்ரல் கடைசியில் மீண்டும் பசுமை தட்டும் இடங்களில் இரண்டாம் முறை தெளிக்க வேண்டும். மருந்துப் புட்டியின் சீட்டில் எழுதியிருப்பது அமெரிக்காவில் சட்டத்துக்குச் சமம். அளவும் பாதுகாப்பு உடையும் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

மருந்தை விரும்பாதவர்கள், கால் ஏக்கருக்கு உட்பட்ட இடமானால், புல்லை ஒட்ட வெட்டிவிட்டுக் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் ஒரு முழு வளர்பருவம் மூடி வைக்கலாம். ஏப்ரலில் விரித்து, ஓரங்களை மண்ணிட்டுப் புதைத்து, அக்டோபர் கடைசியில் எடுத்தால், கீழே வெளிறிப்போன வேர்களும் வெறும் மண்ணும் இருக்கும். அந்த நவம்பரிலேயே விதைக்கலாம்.

எந்த முறையானாலும் கடைசியில் உழ வேண்டாம். உழவு, ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கும் களை விதைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். உரமும் வேண்டாம், நைட்ரஜன் கொழுக்க வைப்பது களையைத்தான்.

மூன்றாம் படி: விதை வாங்குதல்

விதையை எடையாகப் பார்க்காமல் உயிருள்ள விதையாகப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பிரெய்ரிப் புல் விதை மூட்டையில் பஞ்சும் உமியும் கலந்திருக்கும். பைச்சீட்டில் தூய்மை 90 விழுக்காடு, முளைப்புத்திறன் 80 விழுக்காடு என்றிருந்தால், இரண்டையும் பெருக்கி 72 விழுக்காடே உயிர்விதை என்று கொள்ள வேண்டும். அந்தப் பையிலிருந்து 2 பவுண்ட் உயிர்விதை கிடைக்க ஏறக்குறைய 2.8 பவுண்ட் வாங்க வேண்டும். கடைகளின் விலையை ஒப்பிடும்போதும் உயிர்விதைக்கு எவ்வளவு என்றே ஒப்பிட வேண்டும். மலிவான பை பல நேரம் மலிவாக இருப்பதில்லை.

அடுத்தது, விதை எந்த ஊரிலிருந்து வந்தது என்பது. ஓக்லஹோமாவில் சேகரித்த பிக் புளூஸ்டெம் விஸ்கான்சின் உறைபனிக்குள் கதிர் முற்றாமல் போகலாம். ஏறத்தாழ 200 மைலுக்குள் சேகரித்த விதையைக் கேட்டு வாங்குங்கள். 'கேவ்-இன்-ராக்' போன்ற தேர்ந்தெடுக்கப்பட்ட சுவிட்ச் கிராஸ் வகைகள், தீவனத்துக்காகவும் வீரியத்துக்காகவும் பொறுக்கப்பட்டவை. ஃபெசன்ட் கோழிக்குப் பனிக்கால மறைப்பு வேண்டும் என்பவர்கள் தனியே ஒரு பாத்தியில் போட்டுக்கொள்ளலாம், கலவையில் சேர்த்தால் மற்றவற்றை விழுங்கிவிடும். நானாக இருந்தால் பலவகை மலர்க் கலவையில் சுவிட்ச் கிராஸையே சேர்க்கமாட்டேன். மேலும், பழைய உலக புளூஸ்டெம், காகேசியன் புளூஸ்டெம் என்ற பெயர்களில் விற்பவை பெயரளவில் மட்டுமே உறவு. அவை ஆசியாவிலிருந்து வந்து தெற்குச் சமவெளிகளில் நாட்டுப் புல்லை ஒடுக்கிவருபவை. வாங்கவே கூடாது.

அளவுக்கு ஒரு கணக்கு. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சதுர அடிக்கு 40 முதல் 50 விதை விழுந்தால் போதும். அதில் புல் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. லிட்டில் புளூஸ்டெம் 2 பவுண்ட், சைட்ஓட்ஸ் கிராமா ஒன்றரை பவுண்ட், பிக் புளூஸ்டெமும் இண்டியன் கிராஸும் அரை அரை பவுண்ட், எல்லாம் உயிர்விதைக் கணக்கில் போட்டால் சதுர அடிக்கு 20 புல் விதைக்குச் சற்று மேல் வரும். உயரப் புற்களைக் கைப்பிடி அளவில் நிறுத்தி, குட்டைப் புற்களை முன்னிறுத்தும் இந்தக் கலவை முதலில் பார்க்க ஏழ்மையாகத் தோன்றும். பத்தாண்டு கழித்தும் நடுவில் பூவும் இடைவெளியும் மிஞ்சியிருப்பது இதில்தான். இவற்றோடு அரைப் பவுண்ட் கனடா வைல்ட் ரை சேர்த்தால், அது முதல் இரண்டு ஆண்டு விரைவாக வளர்ந்து மண்ணைக் காத்துவிட்டுப் பின்னர் தானே ஒதுங்கிக்கொள்ளும்.

எஞ்சிய பாதி பூச்செடிகள். மே முதல் அக்டோபர் வரை எந்த வாரத்திலும் ஏதாவது மூன்று செடி பூத்திருக்குமாறு பொறுக்க வேண்டும்: தொடக்கத்தில் ஸ்பைடர்வொர்ட், வெளிர் ஊதா கோன்ஃபிளவர், நடுவில் பட்டர்ஃபிளை மில்க்வீட், வைல்ட் பெர்காமட், ராட்டில்ஸ்நேக் மாஸ்டர், கடைசியில் ஆஸ்டர், கோல்டன்ராட். மோனார்க்கின் புழு மில்க்வீடைத் தவிர வேறெதையும் தின்னாது என்பதால் அதை விட்டுவிடக்கூடாது. பார்ட்ரிட்ஜ் பீ என்ற மஞ்சள் பூ அவரையினத்தின் விதை காடைக்குக் குளிர்கால உணவு. ஆனால் அதையும் ஏக்கருக்கு அரைப் பவுண்டுக்கு மேல் போட்டால் முதல் ஆண்டிலேயே எல்லாவற்றையும் மூடிவிடும்.

நான்காம் படி: விதைத்தல்

இரண்டு பருவங்கள் உண்டு. மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை, மண் சூடேறிய பின் விதைத்தால் புல் நன்றாக வரும். நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை விதைத்தால் பூச்செடிகள் நன்றாக வரும். அவற்றில் பலவற்றின் விதை, ஈரத்தோடு குளிரில் கிடந்தால்தான் உறக்கம் கலைந்து முளைக்கும், உறைந்து இளகும் மண்ணும் விதையைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். வாழிடம் நோக்கமானால் நான் குளிர்கால விதைப்பையே பரிந்துரைப்பேன். சரிவான நிலத்தில் மட்டும், மழையில் விதை வழிந்தோடும் என்பதால், வசந்தத்துக்குக் காத்திருக்கலாம்.

பெரிய நிலத்துக்குப் பஞ்சு விதைக்கென்றே தனிப் பெட்டி வைத்த விதைப்பு இயந்திரம் தேவை. சாதாரணக் கோதுமை விதைப்பானில் புளூஸ்டெம் விதை அடைத்துக்கொண்டு இறங்காது. பல கவுண்டிகளில் மண்வளப் பாதுகாப்பு அலுவலகமோ வனவிலங்குச் சங்கங்களின் கிளையோ இதை வாடகைக்குத் தருகின்றன. விதை கால் அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. விதைத்து முடித்த பிறகும் சில விதைகள் மண்மேல் தெரிந்தால் ஆழம் சரி என்று பொருள்.

சிறிய நிலத்துக்குக் கையே போதும். விதையை ஈர மணலோடு கலந்து இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை வடக்கு தெற்காகவும் மறுபங்கை கிழக்கு மேற்காகவும் நடந்து தூவினால், காற்றில் ஒரு பக்கம் குவியாமலும் திட்டுத் திட்டாக விடுபடாமலும் விழும். வெளிர் மணல் தரையில் தெரிவதால் எந்த இடம் விடுபட்டது என்பதும் கண்ணுக்குத் தெரியும். தூவியபின் உருளை ஓட்டியோ காலால் மிதித்தோ விதையை மண்ணோடு அழுத்த வேண்டும். இளகிய மண்ணானால் தூவும் முன்பும் ஒருமுறை உருளை ஓட்டுங்கள்: நடக்கும்போது செருப்புத் தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதிந்தால் மண் இன்னும் இறுகவில்லை. வசந்த விதைப்பில் துணைப்பயிராகக் கொஞ்சம் ஓட்ஸ் தூவலாம்; ரை தானியம் மற்ற முளைகளை ஒடுக்கும் என்பதால் அது வேண்டாம்.

ஐந்தாம் படி: முதல் ஆண்டு

ஜூலையில் நிலத்தைப் பார்ப்பவர் எல்லாம் பாழாகிவிட்டது என்றே முடிவு செய்வார். ஃபாக்ஸ்டெயில், ராக்வீட், மேர்ஸ்டெயில் ஆகியவை இடுப்புயரம் நிற்கும். மண்டியிட்டு அவற்றை விலக்கிப் பார்த்தால்தான், நூல்போன்ற நாட்டுப் புல் முளைகள் தென்படும். மேலே மூன்று அங்குலம்தான் இருக்கும், வேர் அதைப் போலப் பல மடங்கு ஆழத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்.

முளையை அடையாளம் காண இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். இலையைத் தண்டிலிருந்து மெல்லப் பிரித்தால், சுவிட்ச் கிராஸில் அந்தக் கணுவில் முக்கோணமாக ஒரு மயிர்க்கற்றை இருக்கும். இண்டியன் கிராஸில் மெல்லிய சவ்வு இரண்டு கூர்முனைகளாக மேலே எழுந்து நிற்கும். பிக் புளூஸ்டெமின் அடித்தண்டு தட்டையாகவும் செந்நிறம் கலந்தும், கீழ் இலைகள் மயிரோடும் இருக்கும். ஒரு சிறு லென்ஸும் பத்து நிமிடப் பொறுமையும் இருந்தால் போதும். சதுர அடிக்கு ஒன்றோ இரண்டோ நாட்டுச் செடி தென்பட்டாலே விதைப்பு வெற்றிதான்.

இந்த ஆண்டு செய்ய வேண்டிய வேலை வெட்டுவது மட்டுமே. களை ஓரடி உயரத்தைத் தொடும்போதெல்லாம், ஐந்தாறு அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இது மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். வீட்டுப் புல்வெட்டியின் கத்தி அவ்வளவு உயரத்துக்கு ஏறாது. தோளில் மாட்டும் இயந்திரக் கத்தியோ டிராக்டரில் இழுக்கும் வெட்டியோ வேண்டும். தள்ளிப்போட்டு மூன்றடிக் களையை ஒரே முறையில் வெட்டினால், அந்தச் சருகே முளைகளை மூடிச் சாகடிக்கும். களையைப் பிடுங்கவும் வேண்டாம். பக்கத்து முளையும் வேரோடு வந்துவிடும். செப்டம்பரில் வெட்டுவதை நிறுத்திக்கொள்ளலாம். நாற்று நடாமல் விதைத்த நிலத்துக்கு நீர் பாய்ச்சத் தேவையில்லை.

இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும்

இரண்டாம் கோடையில் பிளாக்-ஐடு சூசன் என்ற மஞ்சள் பூச்செடியும் வைல்ட் ரையும் நிலத்தை மஞ்சளும் பச்சையுமாக நிரப்பும். ஓராண்டுக் களைகள் பின்வாங்கும். இப்போது கவனிக்க வேண்டியவை பல்லாண்டுக் களைகளும் ஈராண்டுக் களைகளும். கனடா திஸ்சிலை மொட்டு விடும்போது வெட்டி, இலையுதிர் காலத்தில் எழும் தளிருக்கு மட்டும் மருந்து தொட்டுவிட வேண்டும். ஸ்வீட் குளோவரைப் பூக்கும்போது, விதை கட்டும் முன் அடியோடு வெட்ட வேண்டும். தெற்கே மிசௌரியிலும் கான்சாஸிலும் செரிசியா லெஸ்பெடீசா ஒரு செடி தெரிந்தாலும் அதை அந்த ஆண்டே ஒழிக்க வேண்டும். விட்டால் பிறகு அதற்கே நிலம் சொந்தம். இனி நிலம் முழுவதையும் வெட்டுவது கூடாது: மே முதல் ஆகஸ்டு தொடக்கம் வரை தரையில் கூடுகள் இருக்கும், களை உள்ள இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். மூன்றாம் ஆண்டு புற்கள் கதிர் விடும்.

ஆறாம் படி: தீ

மாடிசனிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் 1930-களின் நடுப்பகுதியில் தொடங்கிய பிரெய்ரி, மனிதர் மீட்டமைத்த பிரெய்ரிகளில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. இன்று அதற்குக் கர்ட்டிஸ் பிரெய்ரி என்று பெயர். தீ இல்லாமல் புளூகிராஸ் அதை விழுங்கிவிடும் என்பது 1940-களில் தாவரவியலாளர் ஜான் கர்ட்டிஸ் அங்கே நடத்திய எரிப்புச் சோதனைகளில் தெளிவாயிற்று. ஏப்ரலில் எரித்தால், அதற்குள் பசுமை கட்டிவிட்ட புளூகிராஸும் புரோமும் கருகும். மண்ணுக்குள் உறங்கும் நாட்டுப் புல்லுக்குச் சேதமில்லை. கறுத்த மண் வெயிலை வாங்கி விரைவில் சூடேறுவதால் அது முன்பைவிட வேகமாக எழும். முளைத்துவரும் சிவப்பு சீடர் மரக்கன்றுகளும் ஒரே தீயில் செத்துவிடும்.

புதியவர் தனியாகத் தீ வைக்கவே கூடாது. மாநில விதிப்படி அனுமதி பெற்று, உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, பயிற்சி பெற்ற குழுவோடுதான் செய்ய வேண்டும்; பல மாநிலங்களில் நில உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் எரிப்புச் சங்கங்கள் உண்டு, கூலிக்கு எரித்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. முந்தைய ஆகஸ்டிலேயே நிலத்தைச் சுற்றிப் பத்தடிக்குக் குறையாமல் தீத்தடுப்புக் கோடு வெட்டி வைக்க வேண்டும். குழு முதலில் காற்று வெளியேறும் பக்கத்தில் தீ வைக்கும். அது காற்றை எதிர்த்து முழங்கால் உயரத்தில் மெல்ல ஊர்ந்து ஓர் அகன்ற கருநிறப் பட்டையை உண்டாக்கும். அந்தப் பட்டை போதிய அகலம் அடைந்த பின்னரே இரு பக்கங்களிலும், கடைசியாகக் காற்று வரும் பக்கத்திலும் தீ வைப்பார்கள். அது ஆளுயரத்துக்கு மேல் எழுந்து ஓடி, கரும்பட்டையில் முட்டி அணையும். புகை எந்தச் சாலைக்குப் போகும் என்பதையும் முன்பே பார்க்க வேண்டும்.

ஒரே ஆண்டில் நிலம் முழுவதையும் எரிப்பது வாழிடத்துக்குப் பகை. பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு சருகிலும், சில தேனீக்களின் குஞ்சுகள் உலர்ந்த தண்டுக்குள்ளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஹென்ஸ்லோ சிட்டுக்கோ முந்தைய ஆண்டின் சருகு அடர்ந்த இடம்தான் வேண்டும். ஆகவே நிலத்தை மூன்றாகவோ நான்காகவோ பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும் எரிப்பது முறை. தீ வைக்கவே முடியாத நகரத்து நிலமானால், மார்ச்சில் ஒரு பங்கை வெட்டிச் சருகை வாரி அப்புறப்படுத்துவது அதற்கு அரைகுறை மாற்றாகும்.

புல் மிஞ்சும்போது

ஆறேழு ஆண்டில், குறிப்பாக ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்திலேயே எரித்துவந்த நிலத்தில், பிக் புளூஸ்டெம் மேலோங்கிப் பூச்செடிகள் குறையத் தொடங்கலாம். சோதித்துப் பார்க்க எளிய வழி, ஜூன் மாதத்தில் நிலத்துக்குள் நடந்து, தூர்களுக்கு இடையே வெறும் மண் தெரிகிறதா என்று கையால் புல்லை விலக்கிப் பார்ப்பதுதான். கால் பங்காவது வெறும் மண்ணாக இல்லையென்றால் புல்லைத் தட்டிவைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அதற்கு, அடுத்த எரிப்பை வசந்தத்திலிருந்து கோடை இறுதிக்கோ செப்டம்பருக்கோ மாற்றலாம். கதிர் விடும் வேளையில் தீப்பட்ட வெயில்காலப் புல் அடுத்த ஆண்டு தளர்ந்து எழும். கூடுகட்டும் காலம் முடிந்த பின், முப்பதடி அகலப் பட்டைகளாகச் சரிவுக்குக் குறுக்கே இலேசாக வட்டுக்கலப்பை ஓட்டுவது மற்றொரு வழி. சரிபாதி மண் வெளியே தெரியுமளவுக்கு மூன்று அங்குல ஆழம் கீறினால் போதும். அவ்வாறு திறந்த பட்டைகளில் நவம்பர் கடைசியில், புல் விதை ஒன்றுகூடச் சேர்க்காமல், பெர்காமட், மில்க்வீட், பார்ட்ரிட்ஜ் பீ, ஆஸ்டர் ஆகியவற்றை மட்டும் தூவி மிதித்துவிட்டு, அடுத்த கோடை முழுதும் அந்தப் பட்டைகளை மட்டும் முதல் ஆண்டுபோல் ஐந்தாறு அங்குல உயரத்தில் வெட்டிவர வேண்டும்.